கேவிட்டி காதுக்கு மிடில் இயர் இம்ப்ளாண்ட்டா, எலும்பு வழிக் கருவியா?

#1 பெரம்பூர்_ஆடியோ

மாஸ்டாய்டு (காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு) ஆபரேஷன் முடிந்த வலது காது. காதுக் கால்வாயின் பின்சுவரை இறக்கி ஒரே திறந்த குழியாக, அதாவது கேவிட்டியாக, ஆக்கியிருக்கிறார்கள், பிறகு ஒரு ரிவிஷன் (மறு ஆபரேஷன்). பட்டடை எலும்பு இல்லை, அங்கவடியின் கால்களும் இல்லை, அடித்தட்டு மட்டும் நன்றாக அசைகிறது என்று ஆபரேஷன் நோட் சொல்கிறது. 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸில் கேட்கத் தொடங்கும் அளவுகள், டெசிபலில் (எலும்பு வழி என்பது மண்டை எலும்பை அதிரவைத்து உள்காதை அளப்பது, காற்று வழி என்பது ஹெட்போனில் அளப்பது):

வலது எலும்பு வழி: 25, 30, 45, 50
வலது காற்று வழி: 70, 75, 80, 85
இடது: செவிப்பறையில் காய்ந்த ஓட்டை. எலும்பு 15, காற்று 50 சுற்றி.

வலதுக்கு பவர் பி.டி.இ. (காதுக்குப் பின்னால் மாட்டும் ஹியரிங் எய்டு) போட்டால் விசில். மோல்டு (எய்டுக்காகக் காதுக்குள் வைக்கும் அச்சு) போட்ட பத்தாம் நாள் கசிவு. வைப்ரன்ட் சவுண்ட்பிரிட்ஜ் என்ற நடுக்காது இம்ப்ளாண்ட் போடலாமா என்று பேச்சு ஓடுகிறது. இந்த எலும்பு வழிக்கு அது தேறுமா, இல்லை போன்பிரிட்ஜ், பாஹா என்ற எலும்பு வழிக் கருவிகள் பக்கம் போவதா?

#2 மயிலை_மாஸ்கிங்

கருவிப் பேச்சுக்கு முன்னால் விசில் ஏன் வருகிறது என்று ஒரு கணக்குப் போடுங்கள். உங்கள் அளவுப்படி எலும்பு சராசரி 37.5, காற்று 77.5, இடைவெளி 40. ஹியரிங் எய்டு அந்த இடைவெளியில் முக்கால் பங்கை, அதாவது 30-ஐ, சத்தமாகவே தள்ளியாக வேண்டும். உள்காதுக் குறைக்காக அதன் மேல் ஏறக்குறைய பாதி, 19. மொத்தம் 49 டெசிபல் கெயின் (சத்தப் பெருக்கம்). கிண்ணம் மாதிரி திறந்து கிடக்கும் கேவிட்டியில், வாய் அகலமான காதில், மோல்டு ஓரம் சீல் ஆகாமல் 49 கெயின் கேட்டால் விசில் வராமல் என்ன செய்யும்? இறுக்கிச் சீல் செய்தால் உள்ளே வேர்த்து, நசநசத்து, பத்து நாளில் கசியும். நடுக்காது இம்ப்ளாண்ட் அந்த 30-ஐக் கேட்காது. அது நேரே காக்ளியாவை (உள்காதின் கேட்கும் உறுப்பு) தட்டுவதால் மீதி 19-ஐக் கொடுத்தால் போதும். இந்த மாதிரிக் காதில் அதன் அருமை இவ்வளவுதான், ஆனால் இது பெரிய விஷயம்.

இப்போது உங்கள் எலும்பு வழி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எந்த இயர்போனில் மாஸ்க் (மறு காது பதில் சொல்லாதபடி அதில் இரைச்சல் கொடுத்து மூடுவது) செய்தீர்கள்?

#3 பெரம்பூர்_ஆடியோ

சாதா ஹெட்போன்தான் சார். 500-ல் இடதுக்கு 60 கொடுத்து மாஸ்க் செய்தேன். அதற்கு மேல் போனால் ஓவர் மாஸ்கிங் ஆகிவிடும் என்று நிறுத்திவிட்டேன்.

#4 மயிலை_மாஸ்கிங்

அங்கேதான் மாட்டியிருக்கிறீர்கள். இடதில் 35 டெசிபல் இடைவெளி. 60 கொடுத்தால் அதில் 35 வழியிலேயே போய், இடது காக்ளியாவுக்குள் 25 அளவுதான் விழும். அதாவது வலது எலும்பில் வைப்ரேட்டர் வைத்து 25 கொடுத்தாலும் இடது காக்ளியா கேட்டுவிடும். எலும்பு வழியில் தலை ஒரு தடுப்பே இல்லை. உங்கள் ஆடியோகிராமில் 500-ல் வந்திருப்பதும் 25. அது வலதின் 25-ஆ, இடது பதில் சொன்ன 25-ஆ?

ஹெட்போனில் நீங்கள் நிறுத்தியது சரிதான். ஹெட்போன் சத்தம் தலையைக் கடக்கும்போது 40தான் குறையும் என்று எடுத்துக்கொள்வோம். வலது எலும்பு 25 என்றால் 65-ல் வலதும் மூடிக்கொள்ளும். 60-க்கும் 65-க்கும் நடுவில் பிளாட்டோ (இரைச்சலை ஏற்றினாலும் அளவு அசையாமல் நிற்கும் பகுதி) பார்க்க இடம் ஏது? இன்செர்ட் இயர்போன் போடுங்கள். கடக்கும் இழப்பைக் குறைத்து 55 என்று எடுத்தாலும் 80 வரை தாராளமாக ஏறலாம். இடதுக் காதில் ஓட்டை காய்ந்துதான் இருக்கிறது, ஃபோம் டிப் வைக்கலாம், புது டிப்பாக வையுங்கள். 5, 5 ஆக ஏற்றி, மூன்று படி தொடர்ந்து அசையாமல் நிற்கும் அளவை எழுதுங்கள்.

இது சும்மா சட்டம் பேசுவதற்கில்லை. சவுண்ட்பிரிட்ஜுக்குக் கலப்புக் குறையில் (நடுக்காது, உள்காது இரண்டும் குறைந்த காதில்) எலும்பு வழி மேல்வரம்பு 500-ல் 45, 1000-ல் 50, 2000 முதல் 4000 வரை 65. போன்பிரிட்ஜுக்கு 45. ஓசியா என்ற இன்னொரு எலும்பு வழிக் கருவிக்கு 55. பத்து டெசிபல் தப்பு வந்தாலும் கருவியே மாறிப்போகும். தமிழ்ச் சொற்பட்டியலில் வசதியாகக் கேட்கும் சத்தத்தில், இயர்போனில் 50 சதவீதமாவது வருகிறதா என்றும் பாருங்கள், அதற்கும் இடதை மாஸ்க் செய்துவிட்டு.

#5 போரூர்_ஸ்டேபிஸ்

மாஸ்கிங் நடக்கட்டும். கசிவு பற்றி நான் சொல்கிறேன், கேவிட்டியில் இம்ப்ளாண்ட் வைக்கும் முன் தீர வேண்டிய வழக்கு அதுதான்.

கேவிட்டி விடாமல் கசிந்தால் மோல்டை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். மைக்ராஸ்கோப்பில் நான்கு இடம் பாருங்கள். முக நரம்பு மேல் நிற்கும் எலும்புத் திட்டு உயரமாக விடப்பட்டிருக்கிறதா. அப்படியானால் அதன் பின்னால் கிணறு மாதிரி அழுக்கு தேங்கும். வெளிவாய் கேவிட்டியின் கொள்ளளவுக்குப் போதாமல் குறுகலாக இருக்கிறதா. மாஸ்டாய்டு நுனியிலும், மூளை உறையும் சிக்மாய்டு சிரையும் சேரும் மூலையிலும் காற்றறைகள் திறக்காமல் மிச்சம் இருக்கிறதா. யூஸ்டேச்சியன் குழல் (நடுக்காதை மூக்கின் பின்புறத்தோடு இணைப்பது) வாயில் சளிச்சவ்வு திறந்து கிடக்கிறதா. இதில் எது இருந்தாலும் சொட்டு மருந்து மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை. ரிவிஷனில் திட்டை இறக்கி வாயை அகலப்படுத்தினால்தான் காயும்.

சொட்டு மருந்து பற்றி ஒரு வார்த்தை. நடுக்காது திறந்திருக்கும் காதில் ஜென்டாமைசின், நியோமைசின் கலந்தவை வேண்டாம். வட்டச் சாளரம் (உள்காதின் மெல்லிய சவ்வு வாசல்) வழியாக உள்காதுக்குப் போகும். காப்பாற்ற நினைக்கும் எலும்பு வழியை நாமே தின்றுவிடக் கூடாது. சிப்ரோஃப்ளாக்சசின் போதும். சென்னையில் வேர்வைக் காலத்திலும் ஐப்பசி மழையிலும் வரும் கசிவில் பாதி பூஞ்சை: நனைந்த செய்தித்தாள் மாதிரி சாம்பல் படலம், நடுவே கறுப்புப் புள்ளி. அங்கே ஆன்டிபயாடிக் சொட்டு இன்னும் வளர்க்கும். உறிஞ்சிச் சுத்தம் செய்து குளோட்ரிமசோல்.

குறைந்தது 3 மாதம், முடிந்தால் 6 மாதம் காய்ந்த காதாக இருக்கட்டும். அதற்கு முன் வெளிப்பொருள் எதுவும் உள்ளே போகக் கூடாது என்பது என் கட்சி.

#6 எழும்பூர்_எலும்பு

இவ்வளவு சிக்கலான காதுக்குள் ஏன் போகணும்? காதைத் தொடாமலே வேலை முடியும் என்பதுதான் எலும்பு வழிக் கருவியின் முழுப் பெருமையும். சாஃப்ட்பேண்டில் (தலையைச் சுற்றும் பட்டை) புராசஸரை (சத்தத்தை வாங்கும் வெளிக்கருவி) மாட்டி ஆபரேஷனுக்கு முன்பே ஒரு வாரம் போட்டுப் பார்க்கலாம், வீட்டிலும் பாரிமுனை பஸ் ஸ்டாண்டிலும். சவுண்ட்பிரிட்ஜை அப்படி ஒத்திகை பார்க்க வழியே கிடையாது. தோல் வழியாகப் போவதால் சாஃப்ட்பேண்டில் உச்ச அதிர்வெண்ணில் 10 முதல் 15 டெசிபல் இழப்பு உண்டு, ஆக ஒத்திகையில் கேட்டதைவிட எலும்பில் பதித்த பின் நன்றாகவே கேட்கும். பாஹா 1977 முதல் இருக்கிறது, கோதன்பர்க்கில் தொடங்கியது. நேற்று வந்த சரக்கு கிடையாது.

எலும்பு சராசரி 37.5 என்றால் போன்பிரிட்ஜ் கச்சிதம்.

#7 வட்டச்சாளரம்

எழும்பூர் அண்ணன் சொல்வதில் இரண்டு இடத்தில் மறுப்பு உண்டு.

முதலாவது, இடம். போன்பிரிட்ஜின் பழைய 601 மாடலின் அதிர்வுப் பெட்டி 15.8 மி.மீ அகலம், எலும்புக்குள் 8.7 மி.மீ ஆழம் இறங்கும். வழக்கமாக மாஸ்டாய்டில்தான் குழி எடுப்பார்கள். இங்கே மாஸ்டாய்டே குடைந்து காலி. சிக்மாய்டுக்குப் பின்னாலோ காதுக்கு மேலேயோ போகணும், அங்கே எலும்பு மெலிசு, அடியில் மூளை உறை. 602 வந்த பிறகு ஆழம் 4.5 மி.மீ ஆகிவிட்டதால் மூச்சு விடலாம். எதுவானாலும் சி.டி.யில் அளந்து பார்க்காமல் பேசாதீர்கள்.

இரண்டாவது, காது. எலும்பு வழி இரண்டு காக்ளியாவையும் சேர்த்தே ஆட்டும். இந்த ஆளுக்கு இடது எலும்பு 15. வலப்பக்கம் மாட்டினாலும் கேட்பது பெரும்பாலும் இடது காக்ளியா. சத்தம் எந்தப் பக்கம் என்று சொல்வது கஷ்டம். வலது காக்ளியாவையே வேலை வாங்கணும் என்றால் நடுக்காது இம்ப்ளாண்ட்தான்.

#8 எழும்பூர்_எலும்பு

இடம் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் பக்கம் தெரிவதற்காக ஒரு ரிவிஷன் காதில் முக நரம்புப் பக்கத்தில் டிரில் ஓட்டுவதா? அதுவும் யோசிக்க வேண்டியதுதானே.

#9 பெரம்பூர்_ஆடியோ

சவுண்ட்பிரிட்ஜுக்குக் கப்ளர் (அதிரும் பகுதியைக் காதோடு இணைக்கும் துண்டு) எது வரும் என்று யாராவது சொன்னால் நல்லது. அடித்தட்டு அசைகிறது என்பதால் ஓவல் விண்டோவா (அடித்தட்டு உட்காரும் உள்காது வாசல்), இல்லை ரவுண்ட் விண்டோவா (வட்டச் சாளரம்)?

#10 வட்டச்சாளரம்

கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், இங்கேதான் வெற்றியும் தோல்வியும்.

சவுண்ட்பிரிட்ஜின் உயிர் எஃப்.எம்.டி. என்ற டைட்டானியம் உருளை. 2.3 மி.மீ நீளம், 25 மில்லிகிராம் எடை. நீளத்தில் அரிசி மணியில் பாதிகூட வராது. உள்ளே காந்தம், சுற்றிலும் சுருள். மின்சாரம் வந்தால் காந்தம் நீளவாக்கில் ஆடும், அதோடு உருளையும் ஆடும். உள்ளே பேட்டரி கிடையாது. ஜெஃப்ரி பால் உருவாக்கியது, அவருக்கே செவிக்குறை உண்டு. 1996-ல் சூரிக்கில் முதல் ஆளுக்கு வைத்தார்கள், 2000-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி, 2003-ல் மெட்-எல் நிறுவனத்தின் கைக்குப் போனது. அப்போதெல்லாம் பட்டடை எலும்பில் கிளிப் போட்டு மாட்டுவதுதான். எலும்புச் சங்கிலி அறுந்த காதுக்கு வழி பிறந்தது கொலெட்டி குழு வட்டச் சாளரத்தில் வைத்து 2006-ல் எழுதிய பிறகு.

எங்கே வைப்பது என்பது மிச்சம் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அங்கவடியின் தலை இருந்தால் கிளிப் கப்ளர். தலை போய் அடித்தட்டு அசைந்தால் ஓவல் விண்டோ கப்ளர். அடித்தட்டு உறைந்துபோயிருந்தால் வட்டச் சாளரம். உங்கள் நோட்டை நம்பினால் ஓவல் விண்டோ முதல் தேர்வு. ஆனால் கேவிட்டியில் முக நரம்பு எலும்புறை இல்லாமல் அடித்தட்டின் மேல் தொங்கிக்கொண்டிருந்தால் கப்ளர் நரம்பில் உரசும். அப்போது வட்டச் சாளரம். இதை சி.டி. பாதிதான் சொல்லும், மீதி மேஜையில்தான் தெரியும். அதனால் இரண்டு கப்ளரையும் தியேட்டரில் வைத்துக்கொண்டே தொடங்கணும்.

வட்டச் சாளரத்தில் தப்பு நடப்பது இப்படி. சாளரத்தின் மேல் எலும்பு விளிம்பு தாழ்வாரம் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதை 1 மி.மீ டயமண்ட் பரில், குறைந்த வேகத்தில், சவ்வைத் தொடாமல் செதுக்கணும். பொய்ச்சவ்வு இருந்தால் உரிக்கணும். அதையே உண்மைச் சவ்வு என்று நினைத்து மேலே வைத்தால் உருளை பஞ்சு மெத்தையில் குதிக்கும், உள்ளே எதுவும் போகாது. அடித்தட்டை மெல்லத் தொட்டுச் சாளரத்தில் நீர்ப்பளபளப்பு அசைகிறதா பார்த்து உறுதி செய்யணும். பிறகு மெல்லிய ஃபேசியா (தசையுறைத் துண்டு), அதன் மேல் உருளை செங்குத்தாக, பின்னால் முட்டுக்கொடுக்க ஒரு துண்டு கார்டிலேஜ் (குருத்தெலும்பு). நாலு புறமும் எலும்பைத் தொடக் கூடாது. ஒரு பக்கம் எலும்பில் சாய்ந்தாலும் ஆட்டம் எலும்பில் செத்துவிடும். முட்டு தளர்ந்தால் ஆறு மாதத்தில் உருளை விலகும். அதிகம் இறுக்கினால் சவ்வே ஆடாது. இந்த இறுக்கத்துக்கு அளவுகோல் எதுவும் கையில் கிடையாது, கைப்பழக்கம்தான்.

அடுத்த எதிரி ஒயர். உருளைக்குப் போகும் கடத்தி ஒயர் கேவிட்டியின் தோலுக்கு அடியில் ஓடினால் ஒருநாள் தோலைத் துளைத்து வெளியே எட்டிப் பார்க்கும், பிறகு சீழ், பிறகு கழற்றல்தான். எலும்பில் வாய்க்கால் வெட்டி ஒயரை அதில் படுக்கவைத்து, மேலே கார்டிலேஜ் தட்டை மூடணும். இல்லை, கேவிட்டியையே ஒழிக்கணும்.

#11 போரூர்_ஸ்டேபிஸ்

ஒழிப்பது எப்படி என்று கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். மிச்சமுள்ள காற்றறை, கால்வாய்த் தோல், செவிப்பறை எல்லாவற்றையும் எடுத்து, யூஸ்டேச்சியன் குழலை அடைத்து, வயிற்றுக் கொழுப்பால் கேவிட்டியை நிரப்பி, காதின் வாயை இரண்டு அடுக்காகத் தைத்து மூடுவது. வெளியிலிருந்து பார்த்தால் துவாரம் இருக்காது. கசிவு, பூஞ்சை, தண்ணீர் பயம் எல்லாம் ஒரேயடியாகத் தீரும், ஒயரும் பாதுகாப்பாக இருக்கும். இந்த நோயாளிக்கு என் ஓட்டு இதற்கே.

விலை என்னவென்றால், உள்ளே தோலின் ஒரு திவலை விட்டுவிட்டால் அது மூடிய அறைக்குள் கொலஸ்டியோடோமா (எலும்பை அரிக்கும் தோல் கட்டி) முத்தாக வளரும், வெளியே ஒரு அறிகுறியும் காட்டாது. அதனால் கொலஸ்டியோடோமா இருந்த காதில் ஒரே நாளில் எல்லாம் செய்ய எனக்கு மனசில்லை. முதலில் மூடல். 6 மாதமோ அதற்கு மேலோ கழித்து எக்கோ பிளானர் அல்லாத டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. (அந்த முத்தைக் காட்டும் வகை) சுத்தமாக இருந்தால் இம்ப்ளாண்ட்.

வரிசையை மாற்றாதீர்கள். இம்ப்ளாண்ட் வைத்த பிறகு அதன் காந்தம் அந்தப் பக்கத்துப் படத்தில் கறுப்புக் குழி விழச் செய்யும், முத்து இருந்தாலும் தெரியாது. சவுண்ட்பிரிட்ஜின் 503 மாடல் 1.5 டெஸ்லா வரை நிபந்தனையோடு போகலாம். அதற்கு முந்தைய 502 வைத்தவர்களை எம்.ஆர்.ஐ. அறைக்குள் அனுப்ப வேண்டாம். மறு ஆபரேஷன் எதுவானாலும் தலை, கழுத்துப் பகுதியில் மோனோபோலார் காட்டரி (மின்சாரத்தால் சுட்டு ரத்தம் நிறுத்துவது) கிடையாது, பைபோலார் மட்டும். அனஸ்தீசியா ஆட்களிடமும் சிஸ்டரிடமும் தனியாகச் சொல்லுங்கள், பேடு ஒட்டிய பிறகு யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை.

#12 தாம்பரம்_தகவல்

இன்ஷூரன்ஸ் கேட்பவர்கள் உள்ளே வைக்கும் பகுதியும் வெளி புராசஸரும் எஸ்டிமேட்டில் தனித்தனி வரியாக வருகிறதா பாருங்கள். வெளிக்கருவி விலக்கு என்று பாலிசியில் இருந்தால் ஒரே வரியாகப் போட்ட எஸ்டிமேட் முழுதாகத் திரும்பி வரும். ஊனச் சான்றிதழ் இந்தக் கேஸுக்கு நடக்காது. 2016 சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபலாவது வேண்டும். இடது 50.

#13 சூளைமேடு_புராசஸர்

வைத்த பிறகு நடப்பதை நான் சொல்கிறேன். ஸ்விட்ச் ஆன் 8 வாரம் கழித்து. வீக்கம் வடியாமல் காந்தம் வைத்தால் தோல் நசுங்கும். தோல் தடிப்பு 6, 7 மி.மீ தாண்டினால் புராசஸர் நிற்காது, அதை ஆபரேஷனிலேயே மெலிதாக்கணும்.

முதல் நாளே வைப்ரோகிராம் எடுங்கள். எஃப்.எம்.டி. வழியாகவே டோன் கொடுத்து அளக்கும் த்ரெஷோல்ட். அதை எலும்பு வழியோடு மேலே மேலே போட்டுப் பாருங்கள். கோடுகள் ஒட்டி ஓடினால் பொருத்தம் நன்றாக இருக்கிறது. எல்லா இடத்திலும் 20 டெசிபல் தாழ்ந்தால் உருளை சரியாகத் தொடவில்லை. அதை கெயின் ஏற்றி மறைக்கப் பார்க்காதீர்கள், புராசஸர் உச்சத்தில் முட்டிக் கரகரக்கும். எலும்பு வழி அப்படியே இருக்க, மூன்று மாதத்தில் வைப்ரோகிராம் மட்டும் இறங்கினால் உருளை நகர்ந்திருக்கிறது, சி.டி. எடுக்கணும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் காக்ளியா.

பேட்டரி: சாம்பாவுக்கு (சவுண்ட்பிரிட்ஜின் வெளி புராசஸர்) 675 ஜிங்க் ஏர், நீல ஸ்டிக்கர். எல்.ஆர்.44 என்ற வாட்ச் பேட்டரி அளவில் அச்சு அசல் இதே மாதிரி இருக்கும், ரிச்சி தெருவில் சல்லிசாகவும் கிடைக்கும், உள்ளே உட்காரவும் செய்யும். போடாதீர்கள். ஜிங்க் ஏரில் ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்று வாங்கவிட்டுப் போடணும். உரித்ததைத் திரும்ப ஒட்டி வைத்தால் மிச்சம் ஆகாது. கத்திரி வெயிலில் வேர்வை மைக் துளையை அடைக்கும், ராத்திரி சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள், ஆனால் பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு. டப்பாவோடு வைத்தால் பேட்டரி காய்ந்து பாதி ஆயுளில் போகும். ஹெல்மெட் கழற்றும்போது புராசஸர் ஹெல்மெட்டோடு போகும், சட்டைக் காலருக்கு ஒரு நூல் கிளிப் போடுங்கள்.

#14 பெரம்பூர்_ஆடியோ

இன்செர்ட்டில் மறுபடி எடுத்த அளவு. வலது எலும்பு 40, 45, 50, 55. 500-ல் மாஸ்கிங் 75 முதல் 90 வரை 40-லேயே நின்றது. சொல் மதிப்பெண் 72 சதவீதம்.

#15 மயிலை_மாஸ்கிங்

அப்படிப் போடுங்கள். சராசரி 47.5. போன்பிரிட்ஜ் வரம்பைத் தாண்டியாகிவிட்டது. ஓசியா தேறும், ஆனால் மிச்சம் 7.5தான். சவுண்ட்பிரிட்ஜ் தேறும், ஆனால் 500-லும் 1000-லும் வரம்புக்கு 5தான் இடம். பழைய ஆடியோகிராம்கள் இருக்குமே, இரண்டு வருஷமாக எலும்பு வழி நிலையாக நிற்கிறதா? இறங்கிக்கொண்டிருக்கும் காது என்றால் இன்று வைத்தது நாளை பற்றாது. ஆனால் அந்தப் பழைய தாளிலும் மாஸ்கிங் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

#16 எழும்பூர்_எலும்பு

சரி, போன்பிரிட்ஜை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், இடது காதை ஏன் எல்லாரும் மறந்துவிட்டோம்? எலும்பு 15, காய்ந்த ஓட்டை. அங்கே ஒரு சாதாரண ஹியரிங் எய்டு, காற்றுத் துளை வைத்த மோல்டு போட்டாலே பேச்சு தெளிவாக வரும். ஆபரேஷனே வேண்டாம்.

#17 போரூர்_ஸ்டேபிஸ்

முதலில் அதைச் செய்யுங்கள், ஆட்சேபம் இல்லை. வலது காயவே 3 மாதம் ஆகும். கேட்கிற காதைக் கடைசியில் தொடு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், அதனால் இடது ஓட்டையை மூடும் ஆபரேஷன் இப்போது வேண்டாம். எய்டு மட்டும்.

#18 பெரம்பூர்_ஆடியோ

நன்றி. முதல் ஆபரேஷனின் நோட் கையில் இல்லை, ரிவிஷன் நோட்தான் இருக்கிறது. கேவிட்டி காய்வதற்குள் மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் எழுதிக் கொடுத்து வாங்கச் சொல்கிறேன். கடைசியாக ஒன்று: அதுவரை எண்ணெய்க் குளியல்?

#19 போரூர்_ஸ்டேபிஸ்

தலைக்கு ஊற்றும்போது வாஸ்லின் தடவிய பஞ்சு, குளித்ததும் எடுத்துவிடணும், உள்ளேயே விட்டு மறந்தால் அதுவே பூஞ்சைத் தோட்டம். எண்ணெய் காதுக்குள் சொட்டவே கூடாது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். திறந்த கேவிட்டியில் பச்சைத்தண்ணீர் பட்டால் பக்கவாட்டு அரைவட்டக் குழல் குளிர்ந்து குளியலறையிலேயே தலை சுற்றும், பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்.